நேற்று நின்ற நாற்று இன்று படுத்திருந்தால்: டென்ட்டுக்குள் மிளகாய், தக்காளி விதை போட்டவர்களுக்கு

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி அறையில் இரண்டுக்கு இரண்டு அடி டென்ட் ஒன்று நிற்கிறது, உள்ளே விளக்கு மாட்டிச் செடி வளர்க்கிற, ஜிப் வைத்த துணிக்கூடு. உள்ளே இருப்பது மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆரம்பத்தில் நான் மாட்டியது ஊதா விளக்கு, ஜன்னல் வழியாக ராத்திரி முழுக்கத் தெருவில் வெளிச்சம் அடித்தது, எதிர் வீட்டு அக்கா ஒரு நாள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "தம்பி, மேல என்னதான் வளர்க்கிற, உண்மையச் சொல்லு" என்று கேட்டேவிட்டார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "தக்காளிக்கா இவ்ளோ ஜோடனை?" என்று சிரித்தவர், போகும்போது நாலு கத்தரி நாற்று வாங்காமல் போகவில்லை.

டென்ட் எதற்கு என்றால் மழைக்குத்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாடியில் நிழல்வலைக்கு அடியில் வைத்திருந்த என் குழித்தட்டுகளில் காலையில் பார்த்தால் குழி மட்டும் இருந்தது. தை மாதம் தொட்டியில் நடுவதற்கு நாற்று வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் விதை போட்டாக வேண்டும், அதுதான் நமக்கு வானம் பொத்துக்கொள்கிற நேரம். அதனால் உள்ளே.

உள்ளே வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். வேறு பிரச்சினைகள் வந்தன. டென்ட்டைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. தட்டுக்கு அடியில் சூடு தரும் பாய் போடு, மேலே மூடி போடு, ஈரத்தைத் தக்கவை என்பார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும், சூடு கேட்காமலே வரும். அந்த அறிவுரையை அப்படியே செய்தால் இட்லிப் பானைக்குள் நாற்று விட்ட மாதிரிதான். கீழே எழுதியிருப்பதை நம் ஊர்க் கணக்கில் படியுங்கள். எந்த அறிகுறியாக இருந்தாலும், எதையாவது ஊற்றுவதற்கு முன் தட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் குடித்த தட்டின் கனமும் காய்ந்த தட்டின் கனமும் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும், எந்த மீட்டரும் அதைவிட நன்றாகச் சொல்லாது.

பத்து நாளாகியும் முளைக்கவில்லை

தக்காளி என்றால் 5 முதல் 8 நாள், கத்தரி ஒரு வாரம் பத்து நாள், மிளகாய் இரண்டு வாரம்கூட இழுக்கும். அதனால் மிளகாய்க்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள், குழியைக் கிண்டிப் பார்க்காதீர்கள். பொறுத்தும் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் சூடு. விதைக்குப் பிடித்தது 25 முதல் 30 டிகிரி. விளக்கு எரியும்போது மூடிய டென்ட்டில் தட்டின் மேல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், மதியம் 37 காட்டியது. முளைக்கும் வரை விளக்கே தேவையில்லை, தட்டை வீட்டுக்குள் பீரோ மேல் வைத்தாலே போதும். இரண்டாவது சந்தேகம் ஆழம். அரை சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்று. மூன்றாவது, விதை ஊறி அழுகியிருப்பது. சில விதைகளைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், கூழாக நசுங்கினால் தண்ணீர் அதிகம், கெட்டியாக இருந்தால் இன்னும் நம்பிக்கை உண்டு. பாக்கெட்டின் தேதியையும் பார்த்துவிடுங்கள். கத்தரிக்கு நான் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் பி.எல்.ஆர். ரகம்தான் போடுவது, கடலூர் மாவட்டத்திலேயே உருவான ரகம் என்பதால் ஒரு பாசம்.

முளைத்து வந்து விதைத் தோலைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. பெரும்பாலும் மேலாக விதைத்ததன் பலன். உடனே பிய்க்க வேண்டாம், விதையிலையோடு வந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் மேல் வைத்து அரை மணி நேரம் கழித்து இரண்டு நகத்துக்கு நடுவில் லேசாக உருட்டினால் கழன்று வரும்.

தண்டு நூல் மாதிரி நீண்டு சாய்கிறது

வெளிச்சம் போதவில்லை. இதற்கு உரம் கொடுத்தால் இன்னும் நீளும், அவ்வளவுதான். வெள்ளை எல்இடி வைத்திருப்பவர்கள் போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றைப் போட்டு நாற்று உயரத்தில் பிடித்துப் பாருங்கள், 10,000 முதல் 15,000 லக்ஸ் வரை இருந்தால் நாற்றுக்குப் போதும். போன் துல்லியமாகக் காட்டாது, ஆனால் 3,000 காட்டுகிறதா 12,000 காட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். ஊதா விளக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, சிவப்பையும் நீலத்தையும் அது குறைத்தே காட்டும்.

விளக்கை இறக்கும்போது கையை நாற்றுக்கு மேல் அரை நிமிடம் வையுங்கள், கைக்குச் சுட்டால் நாற்றுக்கும் சுடும். என் 100 வாட் விளக்கு 30 சென்டிமீட்டரில் தொங்குகிறது. 14 மணி நேரம் எரிந்தால் போதும். இரவு பகலாக எரிய விட்டால் சீக்கிரம் வளரும் என்று சிலர் செய்கிறார்கள், தக்காளிக்கு அது ஆகவே ஆகாது, தொடர் வெளிச்சத்தில் இலை திட்டுத் திட்டாக வெளுக்கும். நான் டைமரை மாலை 6 மணிக்குத் தொடங்கிக் காலை 8 மணிக்கு அணைகிற மாதிரி வைத்திருக்கிறேன். மாடி அறை தானாகவே கொதிக்கும் மதியத்தில் விளக்கின் சூடும் சேர வேண்டாம் என்பதற்காக. விளக்கு இழுக்கும் கரண்ட் எவ்வளவோ அவ்வளவும் கடைசியில் டென்ட்டுக்குள் சூடாகத்தான் முடியும். விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டியைக் கழற்றி வெளியே தொங்கவிட முடிந்தால் அந்த அளவுக்குக் குறையும்.

ஏற்கெனவே நீண்டுவிட்ட தக்காளியைத் தூக்கிப் போட வேண்டாம். மாற்றி நடும்போது விதையிலை வரை தண்டைப் புதைத்தால் அந்தத் தண்டிலேயே வேர் விடும். மிளகாய், கத்தரிக்கு இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது.

நேற்று நிமிர்ந்து நின்றது, இன்று படுத்துவிட்டது

இந்தக் கடலோரத்தில் டென்ட்டுக்குள் சாகும் நாற்றுகளில் பெரும்பாலானவை சாவது இப்படித்தான் என்று என் தட்டுகளை வைத்துச் சொல்வேன். நாற்றழுகல். மேல் பாதி பச்சையாகத்தான் இருக்கும், இலையில் ஒரு குறையும் தெரியாது, அதனால் முதல் தடவை பார்ப்பவர்கள் தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றிவிடுவார்கள். குனிந்து தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அந்த ஒரு அரை சென்டிமீட்டர் மட்டும் வெந்த கீரைத் தண்டு போல நீர்கோத்து, பழுப்பாகி, மற்ற இடத்தைவிடப் பாதியாகச் சுருங்கியிருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் வேர் வராது, தண்டு மட்டும் அறுந்து கையோடு வரும். அப்படி வந்தால் சந்தேகமே இல்லை.

பித்தியம், ரைசாக்டோனியா போன்ற பூசணங்களின் வேலை இது. பித்தியத்துக்குத் தேங்கிய தண்ணீர் இருந்தால் கொண்டாட்டம், ஏனென்றால் அதன் வித்துகள் நீந்திப் போகக்கூடியவை. அதனால்தான் தட்டின் ஒரு மூலையில் தொடங்கி வட்டமாகப் பரவும். ஒரு குழியில் பார்த்துவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன், மூன்றாம் நாள் 98 குழித் தட்டில் பாதி காலி.

செய்ய வேண்டியது இந்த வரிசையில். விழுந்ததையும் அதைச் சுற்றியுள்ள ஒரு வரிசையையும் குழியில் நிரப்பியிருப்பதோடு சேர்த்து எடுத்துக் குப்பையில் போடுங்கள், கம்போஸ்ட் தொட்டியில் வேண்டாம். தட்டுக்கு அடியில் தேங்கியிருக்கும் தண்ணீரைக் கொட்டுங்கள். டென்ட்டின் ஜிப்பைத் திறந்து விடுங்கள், சின்ன ஃபேன் ஒன்றை நாற்றுக்கு மேலாகக் காற்று தடவிப் போகிற மாதிரி ஓட விடுங்கள். மேல்பரப்பு காய்ந்து நிறம் வெளுக்கும் வரை தண்ணீர் கிடையாது. மிச்சத்தைக் காப்பாற்ற காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து குழியில் நனைய ஊற்றலாம், கையுறை போட்டுக்கொண்டு. விழுந்த நாற்று எழுந்திருக்காது, அதற்கு மருந்தும் கிடையாது.

அடுத்த தடவை வராமல் இருக்க, விதைக்கும்போதே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத் தூள். விவசாயக் கணக்கு கிலோ விதைக்கு 4 கிராம், நம்மிடம் இருப்பது ஒரு சிட்டிகை விதை என்பதால் விதை மேல் தூள் ஒட்டினால் போதும். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா கிடைத்தால் அதுவும் நல்லது. இவை உயிருள்ளவை, காப்பர் ஊற்றிய அன்றே இதையும் ஊற்றினால் காசுதான் வீண். தட்டைத் திரும்பப் பயன்படுத்துவதற்கு முன் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி வெயிலில் போடுங்கள். அந்த மூடி இருக்கிறதே, தட்டோடு இலவசமாக வருவது, முதல் முளை தெரிந்த அன்றே அதைக் கழற்றிவிடுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலும் ஈரப்பதம் குறையவில்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு: வெளியே 85 இருந்தால் உள்ளேயும் ஈரம் அதிகமாகத்தான் இருக்கும், இழுப்பது அந்தக் காற்றைத்தானே. இலை மேலும் மண் மேலும் ஈரம் உட்கார்ந்துகொள்ளாமல் காற்று நகர்ந்துகொண்டிருந்தால் போதும். கரண்ட் போனால் ஃபேனும் நிற்கும், அப்போது ஜிப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

இலை ஓரம் கருகுகிறது, வளர்ச்சி நின்றுவிட்டது

குழியின் விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டு இடத்தில் தேட வேண்டும்: தண்ணீர், குழியில் மண்ணுக்குப் பதில் நிரப்பும் தென்னை நார்க்கழிவு.

தண்ணீரை முதலில் சொல்கிறேன். கடலுக்குப் பக்கத்துத் தெருக்களில் போர் தண்ணீர் ஒரு வீட்டுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருநூறு முந்நூறு ரூபாய்க்கே கிடைக்கும். எங்கள் போரில் 900-க்குப் பக்கம் காட்டியது, பெரிய செடிகள் எப்படியோ தாங்கிக்கொள்கின்றன, நாற்று தாங்காது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து 250-300-க்குக் கொண்டு வாருங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்காது, அது வேறு தொல்லை. ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அம்மா வாளியில் பிடித்துவைத்து நாற்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நார்க்கழிவு. கட்டியாக வருவதை ஊறவைத்தவுடன் பழுப்பாகப் புட்டு மாதிரி உதிர்ந்து, பார்ப்பதற்குத் தயார் போலத் தெரியும். தேங்காய் மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து நார் எடுத்திருந்தால் சோடியம் அதில் ஏறியிருக்கும், இயல்பாகவே பொட்டாசியமும் நிறைய. "கழுவியது" என்று ஒட்டி விற்ற கட்டி ஒன்றை நம்பி நேராகத் தட்டில் நிரப்பினேன், அந்த மாதத் தக்காளி இரண்டு இலையோடு அப்படியே நின்றுவிட்டது. பிழிந்த தண்ணீரில் மீட்டரை விட்டுப் பார்த்தால் 1,600. இப்போது எந்தக் கடையில் வாங்கினாலும் சாக்குப் பையில் போட்டு மூன்று தடவை அலசுகிறேன். வெறும் தண்ணீரில் அலசினால் மேலோட்டமான உப்பு போகும், நாரைப் பிடித்துக்கொண்டிருக்கிற சோடியம் போகாது. அதற்குக் கால்சியம் நைட்ரேட் வேண்டும், 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கரைத்து ஒரு நாள் ஊறவைத்து வடித்து மறுபடி ஒரு அலசல். கால்சியம் போய் அந்த இடத்தில் உட்கார்ந்து சோடியத்தைத் தள்ளிவிடும். அப்புறம் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும், ஒழுகக் கூடாது. அந்தப் பதத்தில் தட்டை நிரப்புங்கள்.

ஏற்கெனவே நாற்று இருக்கும் தட்டு என்றால், நல்ல தண்ணீரைக் குழிக்கு அடியில் வழிகிற அளவுக்கு ஒரு தடவை ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றி, பிறகு காயவிடுங்கள். உரம் போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். விதையிலை மட்டும் இருக்கும் நாற்றுக்கு உரமே தேவையில்லை, விதையிலைக்குப் பிறகு வரும் உண்மை இலை இரண்டு வந்ததும் தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தடவை.

மஞ்சள்

எந்த இலை என்று பார்த்துவிட்டுப் பேசலாம். கீழே இருக்கும் விதையிலை மூன்று நான்கு வாரத்தில் மஞ்சளாகி உதிர்ந்தால் அது தன் வேலையை முடித்துவிட்டது, விடுங்கள். அடியிலுள்ள உண்மை இலைகள் மொத்தமாக வெளுத்தால் தழைச்சத்துப் பசி, மேலே சொன்ன அரை கிராம் போதும். உச்சியில் புதிதாக வரும் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். நம் பக்கத்துப் போர் தண்ணீரின் காரத்தன்மைதான் பெரும்பாலும் காரணம், இரும்புச் சத்தை வாங்கிக் கொட்டுவதற்கு முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். எதிலும் சேராமல் செடி மொத்தமும் சோர்ந்து மஞ்சளாகி, தட்டும் கனமாக இருந்தால், வேர் மூச்சு முட்டுகிறது.

தக்காளித் தண்டும் இலையடியும் ஊதாவாக இருந்தால் மணிச்சத்துக் குறை என்பார்கள். குளிரில் வேர் அதை எடுக்க முடியாமல் போவதால் வரும் நிறம் அது, நம் ஊரில் அந்தக் குளிர் எங்கே? இளம் தக்காளித் தண்டில் ஊதாச் சாயல் சகஜம். வளர்ச்சி நன்றாக இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

மிளகாய் இலை சுருள்கிறது

மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, உச்சி இலை சிறுத்துப் போனால் மஞ்சள் சிலந்தி. இரண்டும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளைத் தாளை அடியில் பிடித்து நாற்றை மெல்லத் தட்டுங்கள், தாளில் விழுந்த தூசி ஓடினால் இலைப்பேன். சிலந்தியைப் பார்க்க லென்ஸ் வேண்டும். ஆரம்பம் என்றால் இரண்டுக்குமே வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, சோப்புக் கரைசலோடு, விளக்கு அணைந்திருக்கும்போது இலையின் அடிப்பக்கம் படும்படி. வயலுக்குச் சொல்லும் 30 மில்லி கணக்கை டென்ட்டுக்குள் கொண்டு வராதீர்கள், பிஞ்சு இலை வெந்துவிடும். சிலந்திக்கு நனையும் கந்தகம் கேட்கும், ஆனால் வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும், 32 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும்போதும் அடித்தால் கருகிவிடும். டென்ட்டில் 32-க்குக் கீழே இருப்பதே அபூர்வம் என்பதால் நான் கந்தகத்தைத் தொடுவதில்லை, சுருண்ட நாலு நாற்றைப் பிடுங்கி எறிந்துவிடுவேன்.

மொத்தத் தட்டும் ஒரே மாதிரி மேல்நோக்கி மடங்கியிருந்தால் அது பூச்சி கிடையாது, சூடு. மண் ஈரமாக இருக்கும்போதே மதியம் வாடி மாலையில் நிமிர்வதும் அதேதான். விளக்கை ஒரு சாண் ஏற்றுங்கள். ஃபேன் நேராக முகத்தில் அடிக்கிற பக்கத்து நாற்று மட்டும் சுருண்டிருந்தால் ஃபேனைத் திருப்புங்கள்.

குட்டிக் கறுப்பு ஈ

தட்டைத் தொட்டால் கொசு மாதிரி எழும்பிப் பறக்கும். ஈ ஒன்றும் செய்யாது, மண்ணுக்குள் இருக்கும் அதன் புழு வேரைக் கடிக்கும். மேல் ஒரு சென்டிமீட்டர் காய விடுங்கள், தண்ணீரைத் தட்டுக்கு அடியிலிருந்து கொடுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைத் தொங்கவிடுங்கள். மண் மேல் பச்சையாகப் பாசி பிடித்திருந்தால் அதுவும் இதே கதை, ஈரம் அதிகம்.

வெளியே வைத்த அன்றே வெளுத்துப்போனது

தக்காளி 25 நாளில், கத்தரி 30-35 நாளில், மிளகாய் 40 நாளுக்குள் வெளியே போகத் தயார். ஆனால் எல்இடி வெளிச்சத்தில் வளர்ந்த இலைக்கு வெயில் என்பது புது விஷயம், தை மாத வெயிலாக இருந்தாலும். முதல் நாளே மாடியில் வைத்தால் இலை நடுவில் காகிதம் போல வெள்ளைத் திட்டு விழும், அது திரும்பப் பச்சையாகாது. காலை 7 மணி வெயிலில் ஒரு மணி நேரம், மறுநாள் ஒன்றரை, இப்படி ஒரு வாரம் பத்து நாள் ஏற்றிக்கொண்டே போங்கள். தட்டைச் சிமென்ட் தரையில் நேராக வைக்காதீர்கள், ஒரு பலகையோ செங்கல்லோ அடியில் கொடுங்கள். கடற்காற்று வீசுகிற பக்கம் கைப்பிடிச் சுவர் மறைவு இருந்தால் நல்லது. திட்டு விழுந்துவிட்டதென்றால் நிழலுக்கு மாற்றிவிட்டு உச்சியை மட்டும் கவனியுங்கள். புது இலை பச்சையாக வருகிறதென்றால் அந்த நாற்றைத் தொட்டியில் நட்டுவிடலாம்.